வெறும் மண்ணரிப்பு

வாஷிங்டனில் நடந்த டிவி விவாதத்தில் விஞ்ஞானியின் வாயை அடைத்துவிட்டு எல்வுட் தன் தீவுக்குத் திரும்பினான். படகுத்துறையில் நண்டு பிடிக்கிறவர்கள் கைதட்டினார்கள்.

"பூமி சூடாகலை, கடல் ஏறலை, வெறும் மண்ணரிப்புன்னு அடிச்சு விட்டியே," என்றாள் மனைவி லொரெட்டா. "அப்போ நான் எதுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு சமைக்கிறேன்?"

"கடல் ஏறுதுன்னு ஒத்துக்கிட்டா தடுப்புச்சுவர் கட்டித் தர மாட்டாங்க. தீவைக் காலி பண்ணுன்னுடுவாங்க."

"பண்ணுவோமே. அக்கரையில தரையாவது காய்ஞ்சிருக்கும்."

"தெல்மா வர மாட்டா."

"அவளையும் கூட்டிட்டுப் போகலாம்னு பாதிரியார் சொல்றாரே."

"தூங்குற புள்ளைய எழுப்பச் சொல்றியா?"

வெளியே கடல் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. எல்வுட் ஒரு மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினான். லொரெட்டாவும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அந்தத் தீவில் இறந்தவர்களை வீட்டு முற்றத்தில்தான் புதைப்பார்கள். கல்லறைக் கல்லில் தெல்மா பிறந்த வருடமும், ஒன்பது வருடம் கழித்து அவள் இறந்த வருடமும் தண்ணீருக்குள் போயிருந்தன. பெயர் மட்டும் வெளியே தெரிந்தது.

எல்வுட் மூட்டையை இறக்கினான். "அந்த விஞ்ஞானி சொன்னதெல்லாம் சரிதான், லொரெட்டா."

"தெரியும்," என்றாள் அவள். "இதைக் கால்மாட்டுல வை."