இருபத்தெட்டு பாயிண்ட்

"இருபத்தெட்டு பாயிண்ட் தர்றேன்டா ஓடிஸ். போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா?"

டெல்மர் இப்படிக் கேட்டதும், ஓடிஸ் வீட்டின் பின்புறத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அடுப்பில் பன்றி விலா மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

அலபாமாவில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் வேறு பேச்சே கிடையாது. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி ஆட்டங்கள் தொடங்க இன்னும் இரண்டு வாரம். இந்தத் தெருவில் பாதி வீடு கிரேடி கல்லூரி, பாதி வீடு டன்மோர் கல்லூரி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்தான். ஆனால் நவம்பர் கடைசியில் இரண்டு அணியும் மோதுகிற அன்று ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள்.

டெல்மர் கிரேடி பக்கம். பக்கத்து வீட்டு ஓடிஸ் டன்மோர் பக்கம். எழுபதைத் தொட்ட இந்த இரண்டு பேருக்கும் ஒரு பந்தயம் உண்டு. தோற்ற அணியின் ஆள் அடுத்த வருடம் முழுக்க, சனிக்கிழமைதோறும், ஜெயித்தவன் வீட்டுப் புல்லைத் தன் கையாலேயே வெட்ட வேண்டும். அதுவும் ஜெயித்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு! ஆறு வருடமாகத் தோற்பது கிரேடிதான். இப்போதுகூட டெல்மர் டன்மோரின் பச்சைச் சட்டையில், வேர்த்து விறுவிறுத்து, தலையெல்லாம் புல்லோடு உட்கார்ந்திருந்தார்.

இந்த வருடம் கதையே வேறு. கிரேடிக்குப் புதுப் பயிற்சியாளர். டெக்ஸஸிலிருந்து வந்திருக்கிற ஆட்டக்காரப் பையன் ஐம்பது கஜம் தள்ளிப் பந்தை எறிந்தாலும் ஓடுகிறவன் நெஞ்சில் கொண்டுபோய் வைக்கிறானாம். நாட்டின் முதல் பத்து அணிகளில் கிரேடியும் ஒன்று என்று பத்திரிகைகள் எழுதிவிட்டன. டன்மோரை ஒருவரும் சீந்தவில்லை.

"வெயில் தலைக்கேறிடுச்சா?" என்றார் ஓடிஸ். "ஆறு வருஷமா உதை வாங்குறவன் எனக்குப் பிச்சை போடுறியா?"

"பிச்சைதான். உங்க பசங்க லட்சணத்துக்கு வேற என்ன போடுறது? நல்லா ஆடுனவன் பாதிப் பேர் படிப்பு முடிஞ்சு போயாச்சு. மிச்சம் இருக்கிறதுங்க பந்தை விட்டுட்டுத் தும்பி பிடிச்சிக்கிட்டு நிக்கும்."

எதிர்வீட்டு ரூஃபஸும் கிரேடி ஆள்தான். அவருக்கே பதறிவிட்டது. "டெல்மர், வாயைக் குடுத்து மாட்டிக்காதய்யா. ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் நமக்கு விடியுது. ஏன் தூக்கிக் குடுக்கிற?"

"நீ சும்மா இருய்யா!" டெல்மர் மறுபடியும் ஓடிஸ் பக்கம் திரும்பினார். "கிழவா, உன் கணக்குல இருபத்தெட்டை இப்பவே போட்டுக்கோ. அதையும் தாண்டி நாங்க ஜெயிக்கலேன்னா தோத்தது நான்தான். என்ன சொல்ற? இல்ல, உன் டன்மோர் மாதிரி நீயும் தொடைநடுங்கியா?"

ஓடிஸ் கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் எறிந்தார். "வேண்டாம் ஓடிஸ்," என்றாள் அவர் மனைவி லர்லீன்.

"யார்கிட்டயும் ஓசியில ஒரு துரும்பு வாங்குனதில்ல நான். ஆனா இவன் கொழுப்பை அடக்கியே ஆகணும். குடுடா கையை!"

இருவரும் கை குலுக்கினார்கள். அதற்குப் பிறகு சாப்பாடு யாருக்கும் சரியாக இறங்கவில்லை.

வீட்டுப் படியேறும்போதே டெல்மரின் மகள் ஜேனெல் வெடித்தாள். அட்லாண்டாவிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள்.

"என்ன பேச்சு டாடி இது? அவர் வீட்டுல உக்காந்து, அவர் போட்ட சோத்தைத் தின்னுட்டு, எல்லார் முன்னாடியும் அவரையே அசிங்கப்படுத்துறீங்க! எனக்கே கூசுது."

டெல்மர் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். "கோபம் வந்தாத்தான் வாங்குவான், ஜேனெல். அன்பாக் குடுத்தா வாங்கமாட்டான்."

"எதை?"

"வெற்றியைத்தான். போன வாரம் தபால் பெட்டி வரைக்கும் போனவன், பாதி வழியில வேலியைப் பிடிச்சிக்கிட்டு நின்னுட்டான். மூச்சு வாங்குது. நெஞ்சுல ஏதோ கோளாறு, வெளியே சொல்லமாட்டேங்கிறான். இந்த வருஷம் நாங்க ஜெயிக்கிறது நிச்சயம். ஜெயிச்சா, குடுத்த வாக்குன்னு புல்லு வெட்டுற மெஷினைத் தள்ளிக்கிட்டு இங்க வந்து நிப்பான். வேண்டாம்னு சொன்னா கேக்கிற ஆளா அவன்? இந்தப் புல்லுலயே விழுந்து செத்துடுவான் பாவி."

ஜேனெல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுக்காகக் கிரேடி தோக்கணும்னு வேண்டிக்க என்னால முடியாதும்மா. சத்தியமா முடியாது. இருபத்தேழு பாயிண்ட்ல ஜெயிக்கட்டும், போதும்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அப்பாவின் தலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டில் லர்லீன் பாத்திரம் கழுவியபடி கேட்டாள். "நாள் பூரா கெஞ்சினாலும் யார்கிட்டயும் எதையும் வாங்கமாட்ட. இன்னிக்கு இருபத்தெட்டு பாயிண்டை லபக்குன்னு வாங்கிட்டியே! உனக்கு முடியலேன்னா நம்ம புல்லை வெட்ட ஒரு ஆளை வச்சுக்கிட்டாப் போச்சு. அவன்கிட்ட எதுக்கு அத்தனை பேச்சு கேக்கணும்?"

நாற்காலியில் சாய்ந்து மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார் ஓடிஸ்.

"புல்லு கிடக்குது விடு, லர்லீன். அவன் பொண்டாட்டி செத்துப்போனதிலேர்ந்து, நான் போய்க் கதவைத் தட்டினாலும் திறக்கிறதில்ல, சாப்பிட வாடான்னு கூப்பிட்டாலும் வர்றதில்ல. பந்தயத்துல தோத்த பாவத்துக்குத்தான் சனிக்கிழமையானா இங்க வந்து, நம்மகூட உக்காந்து ஒரு வேளை வயிறாரச் சாப்பிடுறான். இந்த வருஷம் ஜெயிச்சுத் தொலைச்சிடுவானேன்னு எனக்கு ஒரு மாசமாத் தூக்கமே இல்ல!"