வழுக்கும் தரை

குற்றவியல் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குச் சிறப்புரையாற்ற வந்திருந்தவர் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் தாணுலிங்கம். விசாரணை முறைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், "சில பயலுவளுக்கு மட்டும் ஸ்டேஷன் பாத்ரூமுல வழுக்கிரும்" என்று கண்ணடித்தார். வகுப்பே வெடித்துச் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார்.

மாணவிகள் வரிசையில் இருந்த செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செய்யாத திருட்டுக்காக அவள் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவனுக்கு இன்றைக்கும் அம்மாதான் சோறு ஊட்டிவிடுகிறாள்.

அவள் எழுந்தாள். "எங்க அண்ணனும் வழுக்கி விழுந்தான்னுதான் சார் சொன்னாங்க. ரெண்டு கையும் முழங்கைக்கு மேல ஒரே மாதிரி ஒடிஞ்சிருந்துச்சு. அது எப்படி ஒடியும்னு சொல்லிக் குடுங்க. அதுக்குத்தான் இதப் படிக்க வந்தேன்."

"எந்த ஸ்டேஷன்மா?" என்றார் தாணுலிங்கம், குரலைத் தாழ்த்தி.

"நீங்க இருந்த ஸ்டேஷன்தான்."

"உக்காரு!" என்று பேராசிரியர் அதட்டினார். தாணுலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மேடையிலிருந்து இறங்கினார். செண்பகவல்லி அவருக்கு முன்னால் போய்க் கதவைச் சாத்தினாள். அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"பதில் சொல்லிட்டுப் போங்க."

வகுப்பில் ஒருவரும் அவளை விலகச் சொல்லவில்லை.