மாலியின் வீட்டில் இருக்க

அல் ஐன் தையல்கடையில் பிற்பகல் வெயில் கண்ணாடிக் கதவு வழியே வெட்டுமேசை வரை நீண்டு கிடக்கிறது. கறுப்பு அபாயாத் துணிகளுக்கு நடுவே, கூரியரில் வந்த பத்திரம் கத்தரிக்கோலின் அடியில் படபடக்கிறது. ஹஸ்னைனின் சம்பாத்தியத்தில் தாய்லாந்தில் கட்டிய வீடு, அந்நாட்டுக்காரியான மனைவி மாலியின் பெயரில் இருக்கிறது. அயல்நாட்டுக்காரன் அங்கே மண் வாங்க முடியாது. ஆயுசுக்கும் அவன் அதில் குடியிருக்கலாமென்று அவள் இந்தப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தால் போதும் என்கிறார் அவ்வூர் வக்கீல். மாலி தையல் மெஷினையும் பாட்டுக் கேசட்டையும் நிறுத்துகிறாள். அவனிடம் கற்ற தமிழில் கேட்கிறாள்: "காயல்பட்டணத்துல வீடு உம்மாவோடதுதானே?" "ஆமா, எங்க ஊர்ல வீடு பொம்பளப் பிள்ளைக்குத்தான்." "வாப்பா அதுல இருக்க, உம்மா பேப்பர் குடுத்தாங்களா?" "அதுக்கு எதுக்கு பேப்பரு..." என்று சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்துகிறான். வாப்பாவின் சட்டை, அவர் மவுத்தாகிக் கண்ணை மூடும்வரை உம்மா வீட்டு ஆணியில்தான் தொங்கியது. யாரும் எதுவும் கேட்டதில்லை. பிறகு தனக்கு மட்டும் ஏன் பயம்? அந்த நாட்டிடமா, இவளிடமா?

அவன் பதிலுக்குக் காத்திராமல் மாலி குனிந்து கையெழுத்திடுகிறாள். பேனாவை மூடி அவன் பக்கம் நகர்த்துகிறாள். "கலாஸ், முடிஞ்சுது. இனிமே நானே போன்னு சொன்னாலும் நீங்க போக வேணாம்." தையல் மெஷின் மறுபடி ஓடுகிறது. அவளுக்குப் பக்கத்தில் அவன் தினமும் உட்காரும் ஸ்டூல் காலியாகத்தான் கிடக்கிறது. இதுவரை கேளாமலே உட்கார்ந்த ஹஸ்னைன், இன்று உட்காரட்டுமா என்று கேட்க வாயெடுத்து, நின்றுகொண்டே இருக்கிறான்.