காலிப் பக்கம்

“என்னங்க, என் கம்ப்யூட்டர்ல கட்டளை அடிக்கிற கறுப்பு விண்டோ திறந்தே இருக்குமே, இருக்கா?” கும்பகோணம் பஸ்ஸிலிருந்து போனில் கேட்டாள் பூவிழி.

“ம்... இருக்கு.” நெடுமாறன் அவசரமாக அதைத் திறந்தான்.

“எடிட்டர்ல எழுதின ஆபீஸ் வேலையை சேவ் பண்ணி மூடினேனா, பாதியில விட்டுட்டுக் கிளம்பினேனான்னு ஞாபகமே வரலைங்க. இங்கிலீஷ் ‘ஈ’யைத் தட்டி என்ட்டர் அடிங்க. நானே எழுதி வச்ச கட்டளை அது. பாதியில விட்டிருந்தா, விட்ட இடம் அப்படியே வரும். மூடியிருந்தா காலிப் பக்கம் வரும்.”

‘ஈ’யைத் தட்டி என்ட்டர் அடித்தான்.

“என்னங்க வந்துச்சு?”

“காலிப் பக்கம்.”

“அப்பாடா! இறங்கித் திரும்பிடலாமான்னு இருந்தேன். வேலை முடிஞ்சுதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன். நல்லவேளை, கம்ப்யூட்டரை அணைக்காம வந்தேன். அணைச்சிருந்தா எப்படியும் காலிதான் வந்திருக்கும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அங்க மழையாங்க?”

“விட்டுருச்சு.”

அவள் போனை வைத்துவிட்டாள். நெடுமாறன் சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தபடி நின்றான்.

அவள் பஸ் ஏறியதுமே பெரிதாக ஓர் இடி. வழக்கம்போல டி.வி., ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டவன், மழை விட்ட பிறகுதான் திரும்ப மாட்டி, கம்ப்யூட்டரையும் மறுபடி ஆன் பண்ணியிருந்தான்.