நிறம் மாறவில்லை

‘கேட்டுவிடாதே பொன்மணி, என்னிடம் மட்டும் கேட்டுவிடாதே’ என்று ஜெயஷீலா மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

தீப்பெட்டி ஆலையின் கழிப்பறை வாசலில் பெண்கள் ஆளுக்கொரு டப்பாவோடு நின்றார்கள். எல்லாருடைய சிறுநீரையும் கல்ச்சருக்கு, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினால் கட்டுப்படியாகாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் முதலில் டப்பாவில் ஒரு சோதனை ஸ்ட்ரிப்பை முக்கிப் பார்ப்பார்கள். நிறம் மாறியவளுக்குத்தான் கல்ச்சர். அதன் முடிவு வரும்வரை அவளுக்கு வேலை கிடையாது.

பொன்மணி நெருங்கி வந்தாள். பசுவந்தனையிலிருந்து புதிதாகச் சேர்ந்தவள்.

“யக்கா, ஒண்ணுக்குப் போனா எரியுது, குளிருது. மாட்டுனா வேல போயிரும். ஒங்க டப்பாவுல பாதி ஊத்துங்க.”

“போ புள்ள.”

“இதுலயுமா கஞ்சத்தனம்? டீ வாங்கித் தாரேன், குடிச்சு ரொப்பிக்கிடுங்க.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“போன தடவ ஒங்க தங்கச்சிக்கு ஊத்துனீயளாம்லா? நான்னா எளக்காரமா?”

சிரிப்பு சட்டென்று அடங்கியது.

“ஊத்துனேன். நெறம் மாறல. சுத்தம்னு சொல்லி, கல்ச்சருக்கு அனுப்பாம விட்டுட்டாவ.”

“பொறவென்ன? இப்ப அவிய எந்த ஷெட்டுல இருக்காவ?”

“நீ உக்காந்திருக்கியே, அதான் சபிதா எடம். கிட்னியில சீழ் வச்சுச் செத்துப்போயிட்டா.”

 பொன்மணி காலி டப்பாவை மறுபடியும் நீட்டினாள்.

“பாதி வேண்டாம்க்கா. கொஞ்சம் போதும்.”

ஜெயஷீலா தன் டப்பாவின் மூடியை இறுகத் திருகிக்கொண்டு, வரிசையில் முன்னால் நகர்ந்தாள்.