பாலாட்டின் முதுகு

அவள் ஆட்டின் முதுகைத் தடவினாள்.

கைக்கு எலும்புதான் வந்தது. விரலை நகர்த்தினால் அடுத்த எலும்பு.

கையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே பிள்ளை கொழுகொழுவென்று கவிழ்ந்து கிடந்தான். தெருவில் யார் தூக்கினாலும், "என்ன கனம் கனக்கான்" என்பார்கள். கேட்கப் பெருமையாக இருந்த பேச்சு. இப்போது கேட்டால் கண் கொல்லைப்பக்கம் போகிறது.

அவளுக்குப் பால் வற்றியபோது மதினி கொடுத்த ஆடு. அண்ணன் பெண்டாட்டி செண்பகவல்லி. தன் கொட்டிலில் இருந்ததிலேயே நல்ல ஆட்டைப் பிடித்து, மினி லாரியில் கூடவே நின்று வந்து, கொல்லையில் கட்டிவிட்டுப் போனாள். அன்று அதன் முதுகு பலகைபோல அகன்றிருந்தது.

பிள்ளை அந்தப் பாலில் தேறினான். மிஞ்சியதைத் தயிராக்கினாள். காப்பிக்கு ஊற்றினாள். தீனி மட்டும் பழையபடி, வாடிய கடலைக்கொடி ஒரு கை.

ஆடு மெலிவதை அவள் பார்த்தாள்.

கறந்துகொண்டேயிருந்தாள்.

முதுகைத் தடவிப் பார்த்த மறுநாள், அவள் கூப்பிட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தார். ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பூச்சி மருந்து கொடுத்தார். கறப்பதை நிறுத்தச் சொன்னார்.

"தீனியக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் கூட்டணும். அவசரப்பட்டா ஆடு தங்காது. தேற மாசக்கணக்காகும்."

நிறுத்தினாள். பிள்ளைக்குப் பருப்புச் சோறு. ஆட்டுக்கு அகத்தி, வேப்பங்குழை, ஊறவைத்த மக்காச்சோளம் கொஞ்சம். மெல்ல ரோமத்தில் மினுமினுப்பு வந்தது.

எலும்பு மறையவில்லை.

அப்போதுதான் அண்ணன் போன் செய்தான். நாளைக்கு மதினி பிள்ளையைப் பார்க்க வருகிறாள்.

விடிந்ததும் அவள் குண்டா நிறைய மக்காச்சோளத்தைக் கொண்டுபோய் வைத்தாள். வயிறாவது நிறைந்து தெரியட்டும்.

ஆடு ஆவலாகத் தின்றது. காலியானதும் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

மதினி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது ஆடு படுத்திருந்தது. இடப்பக்கம் மத்தளமாக உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"கட்ட அவுத்துக்கிட்டுப் போயி மக்காச்சோள மூட்டையில வாய வச்சிருச்சு மதினி," என்றாள் அவள்.

மதினி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகினாள். சமையல் சோடாவும் நல்லெண்ணெயும் கேட்டு வாங்கினாள். கலக்கி, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். உப்பிய பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கித் தேய்த்தாள்.

தேய்த்த கை முதுகுக்குப் போனது.

அங்கேயே நின்றது.

எதிரே நின்ற அவள் தரையைப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பேச்சியக்கா எட்டிப் பார்த்தாள். "இதென்ன, இப்படி எலும்பா கெடக்கு. குழை கிழை ஒண்ணும் காட்டுறதில்லையா?"

மதினி நிமிரவில்லை.

"எங்க வீட்லயே இது இப்படித்தான் இருந்துச்சு," என்றாள். "தின்னது ஒட்டாத உடம்பு இதுக்கு."

பேச்சியக்கா தலையாட்டினாள்.

ஆடு நீளமாக ஏப்பம் விட்டது. புளித்த வாடை. முன்னங்கால்களை ஊன்றித் தள்ளாடி எழுந்தது. நின்றவர்களுக்கு மூச்சு வந்தது.

அவளுக்குக் காதுமடல் எரிந்தது. மதினி சொன்ன பொய்க்குள் அப்படியே இருந்துவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

"இல்லக்கா," என்றாள்.

குரல் தனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

"இல்லக்கா. வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் கறந்து கறந்து இப்படி ஆக்கிட்டேன். இன்னைக்கு மக்காச்சோளம் வச்சதும் நாந்தான்."



மதினி கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தாள்.

"படுக்க விட்ராத. நடத்திக்கிட்டே இரு."

அவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஆடு மெதுவாக நடந்தது. அவள் அதைவிட மெதுவாக.

கொஞ்ச தூரம் போனபிறகுதான் கவனித்தாள்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதினியும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள்.

ஊர் பார்க்க.