ஒன்பதரை மணி நேரம்

"என் வீட்டுக்காரி மட்டும்தான் போறா. மக ஊருக்கு எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று கேட்டார் பெரியவர்.

டிக்கெட் போடும் பெண் திரையைப் பார்த்தாள். "மூவாயிரம் கிலோமீட்டர் சார். நாலு மணி நேரத்துல போய் இறங்கிடுவாங்க."

"பத்தாதே. மகன் ஊரு?"

"அது எட்டாயிரம் கிலோமீட்டர். நடுவுல எங்கயும் நிக்காம ஒன்பதரை மணி நேரம்."

"அப்ப மகன் ஊருக்கே போடுங்க. வியாழக்கிழமை காலைல பத்து மணி விமானம். வானத்துல போன் வேலை செய்யாதே?"

பழைய விமானம், இன்டர்நெட்கூடக் கிடையாது என்றாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பத்து வருஷமாக அதே நாற்காலியில் இருக்கிறாள். சீக்கிரம் போகணும் என்று சண்டை போட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். பெண்டாட்டி நிறைய நேரம் ஆகாயத்தில் இருக்கணும் என்று கேட்டவர் இவர் ஒருத்தர்தான். திரும்பி வர டிக்கெட் வேண்டாமா என்றதற்கு, அதை அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டார்.

படிவத்தில் தன் போன் நம்பரை எழுதினார். பயணியின் நம்பர்தான் வேண்டும் என்றதும் பேனா நின்றது. "அவளைக் கூப்பிட மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். எழுதும்போது சட்டைக் கை மேலேறியது. முழங்கை மடிப்பில் துளிப் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி.

பாஸ்போர்ட்டை நகலெடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

அடுத்த மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "வீட்டை வித்துட்டு ஆளு கம்பி நீட்டப் போறாரு. அந்தம்மா இறங்கி போன் போடும்போது இங்க பூட்டுதான் தொங்கும், பாரு."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். டிக்கெட் அடித்துக் கொடுத்தால் தானும் அதற்கு உடந்தை. வாசலைப் பார்த்துக்கொண்டே அந்த நம்பரை அழுத்தினாள்.

எடுத்தது அவர் மனைவிதான். மகள் ஊர் கிட்டே இருக்கிறது என்று வேண்டாம் என்றதையும், வியாழக்கிழமை பத்து மணி விமானம், ஒன்பதரை மணி நேரப் பயணம் என்பதையும், போனைப் பற்றிக் கேட்டதையும் இவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"ஒன்பதரை மணி நேரமா?"

"ஆமாம்மா. உங்களுக்குத் தெரியாம என்னமோ செய்யப் போறாரு."

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன். எட்டு மணி நேரமாம். துவைக்கப் போட்ட சட்டைல டாக்டர் சீட்டு இருந்துச்சு. நான் தாங்க மாட்டேன்னு மறைக்கிறாரு."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நகல்களைச் சரிபார்த்தபடி அவர் வந்துகொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப நான் என்னம்மா செய்யட்டும்?" என்றாள்.

"அவரு கேட்டதையே போடும்மா. கடைசி நேரத்துல ரத்து பண்ண முடியுமான்னு மட்டும் பாத்துக்கோ."